சத்தி ரோட்டில் ஒரு டச்சுப் பட்டியல்

காந்திபுரத்தில் சத்தியமங்கலம் வண்டி ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால் பாதிப் பயணம் நல்லபடி முடிந்த மாதிரிதான். கணபதி தாண்டும் வரை நெரிசல். சரவணம்பட்டியில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பிள்ளைகள் கும்பலாக இறங்கிக்கொள்வார்கள். குரும்பபாளையம், கோவில்பாளையம் கடந்தால் காற்று மாறிவிடும். இரண்டு பக்கமும் காடு. கொங்கில் காடென்றால் வனமில்லை. மழையையோ கிணற்றையோ நம்பி உழுகிற மேட்டு நிலம். நான் போனது வியாழக்கிழமை, புளியம்பட்டியில் சந்தை கூடும் நாள்.

மடியில் சில தாள்கள் இருந்தன. நெதர்லாந்தில் எய்ந்தோவன் நகரத்தில் குடியிருக்கும் அண்ணன் மகள் அனுப்பியவை. அந்த வட்டாரத்தில்தான் சிப் தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் இருக்கிறது. நம் பக்கத்துப் பொறியாளர்கள் அங்கே நிறையப் பேர். அவள் மகன் டச்சுப் பள்ளியில் படிக்கிறான். வீட்டில் ஆங்கிலமும் தமிழும், பள்ளியில் டச்சு. ஆங்கிலத்தில் அடிக்கடி புழங்கும் ஒப்புமைத் தொடர்களை ஒரு பத்தியிலும், அவற்றுக்கு டச்சில் சொல்வதை அடுத்த பத்தியிலும் அவனுக்காக எழுதி வைத்திருந்தாள். மூன்றாவது பத்தி காலி. "சித்தப்பா, தமிழ் நீங்க போட்டுக் குடுங்க. புத்தகத்துல இருக்கறது வேண்டாம். நம்மூர்ல வாயில வர்றது வேணும்" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள். மொழிபெயர்ப்புதான் எனக்குச் சோறு போடும் தொழில். அகராதியை வைத்தே இதை முடித்திருக்கலாம். ஆனால் 'வாயில வர்றது' என்று கேட்டவளுக்கு, அது வரும் வாய்களைத் தேடிப் போய்க் கேட்டு எழுதுவதுதான் முறை என்று பட்டது.

அன்னூர் வரும் வரை தாளைப் படித்தேன். ஒருவர் திடமாக, நோய் நொடியில்லாமல் இருக்கிறார் என்பதற்கு ஆங்கிலேயர் பிடில் வாத்தியத்தை ஒப்பாகச் சொல்கிறார்கள். டச்சுக்காரர்களுக்கு அது மீன். 'மீனைப் போல ஆரோக்கியம்' என்பது அங்கே கிழவர் முதல் குழந்தை வரை சொல்லும் பேச்சு. அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இருவரை ஆங்கிலம் ஒரு காயின் இரண்டு பட்டாணி என்கிறது. டச்சு இரண்டு துளித் தண்ணீர் என்கிறது. செவிட்டுக்கு ஆங்கிலத்தில் நட்டு வைத்த கம்பம், டச்சில் காடைக் குருவி. தலைகால் தெரியாமல் குடித்தவன் ஆங்கிலத்தில் பிரபு, டச்சில் வண்டு. தேவாலயத்து எலியின் ஏழ்மை மட்டும் இரண்டுக்கும் பொது. ஆங்கிலத்தில் சுண்டெலி, டச்சில் பெரிய எலி.

மீனும் தண்ணீர்த் துளியும் பட்டியலில் வந்ததும் மனம் ஒரு முடிவுக்குத் தாவியது. நெதர்லாந்தின் நிலப்பரப்பில் கால்வாசிக்கு மேல் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. கரை கட்டி, தண்ணீரை இறைத்து இறைத்து மீட்ட நாடு. அவர்களுக்கு எதை அளந்தாலும் தண்ணீரில்தான் அளவு போலிருக்கிறது என்று தோன்றியது. ஆனால் பிரெஞ்சுக்காரர்களும் இரண்டு துளித் தண்ணீர் என்றே சொல்கிறார்கள். மண்ணை மட்டும் காரணமாக்கிவிட முடியாது. பக்கத்து வீட்டு மொழிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்வதும் உண்டு. இரண்டுமே இல்லாமல் தானாக ஒத்துப்போவதும் உண்டு. விலாங்கு மீனைப் பாருங்கள். பிடி கொடுக்காமல் நழுவுகிற ஆளை ஆங்கிலமும் டச்சும் விலாங்கு என்கின்றன. தமிழிலும் அவன் விலாங்கு மீன்தான். யாரிடமிருந்தும் யாரும் வாங்க வேண்டியதில்லை. கையில் பிடித்துப் பார்த்த எவருக்கும் அது அப்படித்தான் நழுவும்.

கோவில்பாளையத்தில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் தாளை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். கர்வம் பிடித்தவனை அந்த இரண்டு மொழிகளிலும் மயில் என்கிறார்கள், நாம் என்ன சொல்வோம் என்று கேட்டேன்.

"மயிலாட்டம்னா அழகுங்க. பொண்ணு பாக்கப் போனா சொல்றதுதானுங்களே. கர்வத்துக்கு மயிலுங்களா?" என்று யோசித்தவர், ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து மயில்கள். "இப்பெல்லாம் மயிலாட்டம்னா எங்க காட்டுல வேற அர்த்தமுங்க. வெதச்சா வெதையத் திங்குது, மொளச்சா மொளையத் திங்குது. முருகன் வாகனம், அடிக்கவும் முடியாது. வூட்டுல ஒண்ணு விடாம வழிச்சுத் திங்கற பையன மயிலாட்டந் திங்கறான்னு எம்பட சம்சாரம் வைவாளுங்க."

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் விவசாயிகள் மயில்களால் படும் பாடு உலகறிந்தது. ஒரு தலைமுறைக்குள் அந்தப் பறவை உவமையில் இடம் மாறிக்கொண்டிருக்கிறது. இதை எந்த அகராதியும் எனக்குச் சொல்லியிருக்காது.

ஆட்டம், ஆட்ட என்ற இந்தச் சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எழுத்தில் போல, பேச்சில் மாதிரி என்று தமிழகம் முழுக்கச் சொல்கிற இடத்தில் கொங்கு 'ஆட்டம்' என்கிறது. அவனாட்டம், உன்னாட்டம், அப்பனாட்டவே. தொல்காப்பியத்தின் உவமவியல் அன்ன, ஆங்க, மான, உறழ என்று 36 உவம உருபுகளை அடுக்கி, எது எந்த வகை உவமைக்கு வரும் என்றும் பிரித்துச் சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவை இன்று யார் வாயிலும் இல்லை. பட்டியலில் இல்லாத ஆட்டமோ காந்திபுரம் டீக்கடையிலிருந்து பவானி ஆற்றங்கரை வரை ஒவ்வொரு நிமிடமும் புழங்குகிறது. கொங்குச் சொற்களைத் தேடித் தொகுத்துப் பெருமாள்முருகன் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' கொண்டுவந்தது 2000ஆம் ஆண்டில். அதற்கு முன் இந்தப் பேச்சை நாவலுக்குள் கூச்சமில்லாமல் கொண்டுவந்தவர் ஆர். சண்முகசுந்தரம். 1942இல் வந்த 'நாகம்மாள்' இந்த மண்ணின் வாயாலேயே பேசியது. வங்காள நாவலான 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரேதான். சொந்த ஊர்ப் பேச்சில் காது ஊறியவர் மொழிபெயர்ப்பில் இறங்குவது எவ்வளவு பெரிய பலம் என்று இந்தத் தொழிலில் இருப்பவனாக நான் நினைத்துக்கொள்வதுண்டு.

அன்னூர் தாண்டியதும் வடமேற்கில் நீலமலை தெளிவாகத் தெரிந்தது. அந்தச் சரிவுகளில் வாழும் இருளர்களின் மொழியைக் கேட்டு எழுதி, 1973 முதல் நூல்களாக வெளியிட்டவர் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபில். அவர் பேராசிரியராக இருந்தது நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில். அதற்கும் 300 ஆண்டுகளுக்கு முன், 1672இல், யாழ்ப்பாணத்தில் இருந்து திரும்பிய பல்தேயுஸ் என்ற டச்சுப் பாதிரியார் ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்ட புத்தகத்தில் தமிழ் இலக்கணத்துக்கு ஓர் அறிமுகமும் எழுதினார். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி இருந்த காலம் அது. துட்டு, கக்கூஸ், இலங்கைத் தமிழர் அலுவலகத்துக்குச் சொல்லும் கந்தோர் எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள். சொற்கள் வந்தன, உவமைகள் வரவில்லை. காசும் கட்டடமும் கப்பலில் வரும். காடைக் குருவியைச் செவிடாக்கும் பார்வை அவ்வளவு லேசில் வந்துவிடாது.

புளியம்பட்டியின் முழுப்பெயரிலேயே புன்செய் இருக்கிறது. புன்செய் புளியம்பட்டி. வறண்ட நிலத்தின் பெயர் தாங்கிய ஊரில் தண்ணீர் நாட்டுப் பட்டியலோடு இறங்கினேன்.

மாட்டுச் சந்தைக்குள் நுழைந்தால் சாணமும் சோளத்தட்டும் கலந்த வாசனை. தரகர் ஒருவர் ஒரு மயிலைப் பசுவின் வாயைப் பிளந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். வயதைப் பல்லில்தான் பார்ப்பார்கள்: ரெண்டு பல்லு, நாலு பல்லு, கடை சேர்ந்தது. பிறகு சுழி. நெற்றியில், முதுகில், திமிலுக்குப் பின்னால் முடி சுழித்திருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார் வாங்க வந்தவர். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்து இருவர் கை மேலும் போட்டார். துண்டுக்கு அடியில் விரல்கள் பேசின. இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினால் ஒரு விலை, ஒன்றை விட்டால் ஒரு விலை. சுற்றி நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. முகத்தை மட்டும் பார்க்கலாம்.

பக்கத்தில் இன்னொரு பசு கட்டியிருந்தது. வாங்க வந்தவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தரகர் சொன்னார்: "அதுக்கு இது எவ்வளவோ தேவலைங்க."

இதை அப்படியே தாளில் எழுதிக்கொண்டேன். அண்ணன் மகளின் பட்டியலில் பெரியது, சிறியது, நல்லது என்று இரண்டை ஒப்பிடும் தொடர்களும் இருந்தன. ஆங்கிலமும் டச்சும் அங்கே பண்புச் சொல்லின் வாலில் ஒரு விகுதியைச் சேர்த்துக்கொள்ளும். தமிழில் அந்த விகுதி கிடையாது. 1856இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். நாம் பண்புச் சொல்லைத் தொடுவதே இல்லை. ஒப்பிடப்படும் பொருளைத்தான் நகர்த்துகிறோம். 'அதை விட' என்று சொல்லும்போது அதை விட்டுவிடுகிறோம். 'அதைக் காட்டிலும்' என்றால் அதைக் காட்டுகிறோம். 'அதைப் பார்க்க' என்றால் பார்க்கிறோம். 'அதுக்கு இது' என்றால் அதன் முன்னால் இதைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். சந்தையில் இரண்டு மாடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, ஒரு கை ஒன்றைக் காட்டி, இன்னொன்றை விட்டு நகர்வதை நேரில் பார்த்தபோது இந்த இலக்கணம் எனக்கு ஏட்டில் படித்ததைவிடத் தெளிவாகப் புரிந்தது.

டச்சுப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஒரு தொல்லை உண்டு. ஒன்று இன்னொன்றைவிடப் பெரிது என்றால் 'தன்' என்ற சொல் போட வேண்டும். ஒன்றைப் போலவே பெரிது என்றால் 'அல்ஸ்'. பேச்சில் பெரியவர்களே இரண்டுக்கும் 'அல்ஸ்' போட்டுவிடுவார்கள், பள்ளிக்கூடம் திருத்திக்கொண்டே இருக்கும். தமிழ்ப் பிள்ளைக்கு 'விட'வும் 'ஆட்டம்'மும் ஒருநாளும் குழம்பாது. அந்தப் பையனுக்குத் தன் அம்மாவின் மொழியே இதில் கைகொடுக்கும் என்று குறிப்பு எழுதி வைத்தேன்.

சந்தையிலிருந்து பெரியம்மா வீட்டுக்குப் போனேன். ஊருக்கு வெளியே தோட்டத்துச் சாளை. எண்பது கடந்தவர். திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். "வா சாமி. என்ன இப்பிடி சோளத்தட்டாட்டம் எளச்சுப்போய் வந்து நிக்கற?" என்றார். கேள்வி கேட்கும் முன்பே ஒல்லிக்கு விடை வந்துவிட்டது. ஆங்கிலத்தில் அதற்குப் புல் வாரும் வாருகோல், டச்சில் மரச்சட்டம், இங்கே சோளத்தட்டு.

தாளை விரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். நோயில்லாத திடத்துக்கு, "கெழங்காட்டம் இருக்கான்னு சொல்லுவோம்." ஒன்றும் செய்யாமல் நிற்பவனுக்குக் குத்துக்கல். சத்தம் போட்டுவிட்டுச் சட்டென்று அடங்கிப்போனவனுக்குப் பெட்டிப் பாம்பு. கசப்புக்கு எட்டிக்காய். ஒரே மாதிரி இருப்பவர்களுக்கு, "அவியப்பன உரிச்சு வெச்சாட்டவே இருக்குது." சுறுசுறுப்புக்கு எறும்பு. ஆங்கிலமும் டச்சும் அங்கே தேனீயைச் சொல்கின்றன. போர்க்காலத்தில் தோன்றிய ஆம்ஸ்டர்டாம் பதிப்பகம் ஒன்றின் பெயரே சுறுசுறுப்பான தேனீ என்பதுதான்.

காலையிலிருந்து ராத்திரி வரை ஓயாத வேலை, ஆனால் ஒரு முன்னேற்றமும் இல்லை, அதற்கு என்ன என்றேன். "செக்குமாட்டாட்டம்" என்றார். பெரியம்மா சொன்னதும் காந்திபுரம் நினைவுக்கு வந்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே மத்தியச் சிறை. 1908 முதல் 1910 வரை வ.உ. சிதம்பரனார் அங்கே அடைபட்டிருந்தார். மாடு பூட்ட வேண்டிய செக்கில் அவரைப் பூட்டினார்கள். கப்பல் விட்டவரை வெயிலில் செக்கைச் சுற்ற வைத்தார்கள். மற்றவர்களுக்கு வாய்ப்பேச்சாக இருந்த உவமை அந்த மனிதருக்கு உடம்பாகிப் போனது. அவர் இழுத்த செக்கை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். செக்குமாடு என்று பட்டியலில் எழுதியபோது, பையனுக்கு இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்லும்படி ஓரத்தில் குறித்தேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தச் சொல்லை அவன் கற்கக் கூடாது.

சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் டச்சுப் பத்தியில் இன்னொரு வகை கண்ணில் பட்டது. பல இடங்களில் அண்ணன் மகள் இரண்டு விடை எழுதியிருந்தாள். 'இதைப் போல அது' என்று நீட்டிச் சொல்வது ஒன்று. அடைப்புக்குள் ஒற்றைச் சொல் ஒன்று. கரடியையும் வலிமையையும் ஒட்டி 'பேரெஸ்டெர்க்'. ரொட்டியையும் ஒல்லியையும் ஒட்டி 'ப்ரோட்மாகர்'. தடியையும் செவிட்டையும் ஒட்டி 'ஸ்டோக்டோஃப்'. கல்லும் பணக்காரனும், தெருவும் ஏழையும், ஈயமும் கனமும், தாரும் இருட்டும் இப்படியே ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நிற்கின்றன. டச்சுக்காரர் அன்றாடம் பேசும்போது நீட்டிச் சொல்வதைவிட இப்படிச் சுருக்கிச் சொல்வதுதான் அதிகமாம்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இதுதானே நம் உவமைத்தொகை! மலர்விழி, பனிமொழி என்று பள்ளியில் படித்துவிட்டு, அது கவிதைக்கான அலங்காரம் என்று ஒதுக்கிவிடுகிறோம். பேச்சுத் தமிழைக் கவனித்துக் கேட்டால் அது தெருவெல்லாம் இறைந்து கிடக்கிறது. தடிச்செவிட்டுக்கு நம்மிடம் டமாரச் செவிடு இருக்கிறது. ஈயக்கனத்துக்குப் பிணக்கனம், மூட்டை தூக்குபவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். தார் இருட்டுக்கு மையிருட்டு. தெரு ஏழைக்கு ஓட்டாண்டி. ஓடு ஏந்திய ஆண்டி. மூக்கு முட்டக் குடிப்பவனுக்கு மொடாக்குடி. இரக்கமில்லாதவனுக்குக் கல்மனசு. இவற்றில் சில இலக்கணப்படி உவமைத்தொகையே இல்லை என்று புலவர்கள் மறுக்கலாம். ஆனால் செய்கிற வேலை ஒன்றுதான்: ஒரு பொருளைக் கொண்டுவந்து பண்போடு ஒட்டி, இடையில் இருக்கும் 'போல'வை எடுத்துவிடுவது.

ஆங்கிலத் தொடரை டச்சாக்குபவர் பிடிலைப் பிடித்துத் தொங்காமல் மீனுக்கு மாறுவதும், மீனையும் விட்டு ஒட்டுச் சொல்லுக்கு மாறுவதும் சரியான வழி என்று எனக்குத் தெளிவானது அப்போதுதான். தமிழுக்கும் அதே வழி. 'வெள்ளரிக்காய் போல நிதானமாக' என்று மொழிபெயர்ப்புகளில் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். வெள்ளரிக்காயை வெயில் காலத்தில் உப்பு மிளகாய்த்தூள் தூவித் தின்கிற ஊரில் அது நிதானத்தின் பெயராகவே இருந்ததில்லை. டச்சு அந்த இடத்தில் குளிர்ந்த தவளை என்கிறது. நாம் 'அலட்டிக்காம' என்கிறோம். உவமையே இல்லாத அந்தச் சொல்தான் அங்கே சரி. மூன்றாவது பத்தியில் அதையே எழுதினேன்.

ஒரு தொடர் மட்டும் மீதி இருந்தது. மிகப் பழையதை ஆங்கிலம் மலைகளைப் போலப் பழையது என்கிறது. டச்சு, ரோமாபுரிக்குப் போகும் சாலையைப் போலப் பழையது என்கிறது. இதைப் படித்ததும் எனக்குக் கை பரபரத்தது. ஏனென்றால் ரோமாபுரிக்குப் போன சாலை ஒன்று இங்கேயும் இருந்தது. நொய்யல் கரையில் சென்னிமலைப் பக்கம் இருக்கும் கொடுமணலில் பட்டை தீட்டிய கல்மணிகளும் உருக்கிய இரும்பும் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரை போய், முசிறியில் கப்பல் ஏறின. பதிலுக்கு வந்த ரோமானியக் காசுகள் கோவையை ஒட்டிய வெள்ளலூரில் புதையலாகக் கிடைத்தன. அந்த வழியின் ஒரு பகுதியை 'இராசகேசரிப் பெருவழி' என்று பெயர் சொல்லும் சோழர் காலக் கல்வெட்டு, சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் ஒரு பாறையில் இருக்கிறது. பெருவழியாட்டம் பழசு என்று எழுதிவிட்டால் எவ்வளவு பொருத்தம்!

எழுதும் முன் பெரியம்மாவிடம் கேட்டேன். "ரொம்பப் பழசுக்கு என்னங் பெரியம்மா சொல்லுவீங்க? பெருவழியாட்டம்னு சொல்றதுண்டுங்களா?"

"எந்த வழி? அப்பிடியொண்ணும் கேட்டதில்ல கண்ணு. பாட்டம் பூட்டங் காலத்துதும்போம். அவ்ளோதான்."

பாட்டன் பூட்டன் காலத்தது என்றே எழுதினேன். யாரும் சொல்லாத உவமையைச் செய்து ஒரு குழந்தையிடம் இதுதான் உன் ஊர்ப் பேச்சு என்று கொடுக்க மனம் ஒப்பவில்லை. பெருவழியைப் பற்றித் தனித்தாளில் எழுதி, கல்வெட்டின் படத்தோடு அனுப்பினேன். கோடை விடுமுறைக்கு வரும்போது அந்தப் பாறையைப் பார்க்க அழைத்துப் போக வேண்டும் என்று அவன் இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.